கலப்புக் கோழிக்குஞ்சின் அப்பா அம்மா யார் என்று தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும், ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் முடியாது. நிறத்தைச் சொல்லி இனத்தைக் கேட்கிறீர்கள். நான் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

உங்களிடம் சேவல் இரண்டு: ரோட் ஐலண்ட் ரெட், லைட் பிரம்மா. பெட்டை மூன்று: பார்டு ராக், வெள்ளை லெகார்ன், சில்கி. எல்லா முட்டையையும் கலந்து அடை வைத்ததில் பொரித்தது மூன்று குஞ்சு, இப்போது இரண்டு வாரம். ஒன்று உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல் கலந்த ஐந்து விரல் குஞ்சு. (பொரித்த முட்டைகளின் ஓடுகளையாவது குஞ்சுவாரியாக எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். லெகார்ன் முட்டை வெள்ளை, பார்டு ராக் முட்டை பழுப்பு. சரி, போனது போகட்டும்.)

நிறத்தை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு நானே சாட்சி. ஒருமுறை என்னிடம் பொரித்த கறுப்புக் குஞ்சுகளுக்கு வயிறும் இறக்கை நுனியும் வெள்ளையாக இருந்தன. கலப்படம் என்று முடிவுகட்டி தெரிந்தவர் ஒருவருக்குச் சும்மாவே கொடுத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் வெயிலில் பச்சை மினுங்க, ஒரு வெள்ளை இறகு இல்லாமல் கரேலென்று நிற்கின்றன, அத்தனையும் சுத்தமான ஆஸ்ட்ரலார்ப். அந்த இனத்தின் குஞ்சே அப்படித்தான் இருக்கும், இறகு மாற மாற வெள்ளை போய்விடும்.

அதனால் முதலில் குஞ்சைக் கையில் எடுத்துக் காலையும் கொண்டையையும் பாருங்கள். கணுக்காலிலோ வெளிப்பக்க விரலிலோ மயிர் இருக்கிறதா? கால்மயிர் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே குஞ்சில் தெரிந்துவிடும், கலப்பில் குறைவாக இருக்கும், சிலதுக்கு நாலைந்து மயிர்தான் இருக்கும், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் கண்ணில் படும். கொண்டையும் அப்படித்தான். ரம்பப் பல் மாதிரி ஒரே கோடாக நின்றால் ஒற்றைக் கொண்டை. விரல் நுனியால் தடவும்போது தட்டையாக, மூன்று சின்ன வரிசை நெருடினால் அது பட்டாணிக் கொண்டை, பிரம்மாவின் கொண்டை. பிரம்மாவுக்குப் பிறந்த குஞ்சுக்குக் கால்மயிரும் வேண்டும், சுத்தமான ஒற்றைக் கொண்டையும் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் வைத்தே அப்பா விஷயத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மஞ்சள் குஞ்சுக்குக் கால் மொழுமொழுவென்று இருக்கிறது, ஒற்றைக் கொண்டை என்கிறீர்கள். அப்படியானால் அப்பா ரெட், அம்மா லெகார்ன். லெகார்னின் வெள்ளை மற்ற நிறங்களை அமுக்கிவிடும் வெள்ளை. கறுப்பை நன்றாக அமுக்கும், சிவப்பை அந்த அளவுக்கு அமுக்காது, அதனால் வளர்ந்தபின் தோளிலோ மார்பிலோ செம்மை கசிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். முதுகில் தெரியும் ஒன்றிரண்டு கறுப்புப் புள்ளியும் கலப்பில் சகஜம்.

ஐந்து விரல் குஞ்சுதான் உங்களை ரொம்பக் குழப்பியிருக்கிறது. தோல் கறுப்பாக இல்லை, இறகும் பஞ்சாக இல்லை, பிறகு எப்படி சில்கிக்குப் பிறந்திருக்கும் என்று கேட்கிறீர்கள். சில்கிக்குத்தான் பிறந்தது. ஐந்தாவது விரல் டார்க்கிங், ஹூடான், ஃபேவரோல் போன்ற சில இனங்களுக்கும் உண்டு, ஆனால் உங்கள் வீட்டில் சில்கியைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. பஞ்சிறகு என்பது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் குணம், ஒரு பக்கம் மட்டும் சில்கி என்றால் குஞ்சுக்குச் சாதாரண இறகுதான் முளைக்கும். பொரித்த அன்று எல்லாக் குஞ்சும் பஞ்சுதான், அன்றைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இப்போது இறக்கையை விரித்துப் பாருங்கள், காம்போடு ஓரம் ஒட்டிய இறகு வரிசையாக முளைத்திருக்கும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டுத்தான் நான் ஒருவரிடம் ஏமாந்ததைக் கண்டுபிடித்தேன்: அசல் சில்கி ஜோடியின் முட்டை என்று கொடுத்தார், பொரித்ததில் பாதிக்குச் சாதாரண இறகு. இரண்டும் சில்கியாக இருந்தால் அப்படி ஒரு குஞ்சு வரவே வராது.

தோல் விஷயம் இன்னும் வேடிக்கை. சில்கியின் கருந்தோலைக் குஞ்சுக்குக் கொண்டுபோகும் குணம் வலுவானதுதான், ஆனால் மற்ற பல இனங்களிடம் அந்தக் கறுப்பைத் தடுக்கும் குணம் ஒன்று, குஞ்சு சேவலா பெட்டையா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. கோழியில் பெட்டைக் குஞ்சு அந்தக் குரோமோசோமை அப்பாவிடமிருந்து மட்டுமே வாங்கும். அப்பா சில்கி, அம்மா லெகார்ன் மாதிரி வேறு இனம் என்றால், பெட்டைக் குஞ்சுக்குக் கன்னங்கரிய தோல், சேவல் குஞ்சுக்கு லேசான நிழல் மட்டும். மாற்றிப் போட்டு அம்மாவைச் சில்கியாக வைத்தால் எல்லாக் குஞ்சுக்கும் வெளிறின தோல்தான். மரபியல் ஆய்வாளர்கள் பேட்சனும் பனெட்டும் சில்கியையும் பிரவுன் லெகார்னையும் கலந்து பார்த்து 1911இலேயே எழுதிவிட்ட விஷயம் இது. உங்கள் குஞ்சுக்கு அம்மா சில்கி, அப்பா கறுப்பைத் தடுக்கும் அந்தக் குணம் உள்ள மஞ்சள் கால் சேவல், அதனால்தான் வெளுப்பு.

இதற்கு அப்பா எந்தச் சேவல் என்று இப்போதைக்குக் காலையோ கொண்டையையோ வைத்துச் சொல்ல வழியில்லை. சில்கிக்கே கால்மயிர் உண்டு, அதன் கொண்டையிலேயே பட்டாணிக் கொண்டைக் குணமும் ரோஜாக் கொண்டை என்ற இன்னொரு வகையின் குணமும் சேர்ந்து வால்நட் பருப்பு மாதிரி ஆகிவிடுகிறது. எட்டு வாரம் போல உடம்பு இறகு வந்தபின் மறுபடி பாருங்கள். கழுத்து இறகில் கறுப்புக் கோடும் சுற்றிலும் வெள்ளையும் தெரிந்தால் பிரம்மா பக்கம் சாயலாம்.

அப்புறம் அந்தக் கறுப்புக் குஞ்சு. கால் மொழுமொழு, ஒற்றைக் கொண்டை, தலையில் பொட்டு. அப்படியானால் அப்பா ரெட், அம்மா பார்டு ராக். பார்டு ராக்கின் வரி இறகுக்கான குணமும் அதே பால் குரோமோசோமில்தான் இருக்கிறது. வரிக்கோழி அம்மாவாக, வரியில்லாத சேவல் அப்பாவாக இருந்தால், அம்மா அதை மகனுக்கு மட்டுமே கொடுக்க முடியும், மகளுக்குக் கொடுக்க வழியே இல்லை. பொட்டு வைத்த குஞ்சு சேவல், பொட்டில்லாத கறுப்பு பெட்டை. வயிற்றிலோ முகத்திலோ உள்ள வெள்ளை இந்தக் கணக்கில் சேராது, உச்சந்தலைப் பொட்டு மட்டும்தான். அப்பாவும் வரிக்கோழியாக இருந்திருந்தால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு வந்து இந்த வித்தை பலிக்காது, உங்களிடம் அப்படிச் சேவல் இல்லை.

ஆகவே முட்டைக்காக வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னீர்களே அந்தக் கறுப்பு, அது கூவத்தான் போகிறது.