அஞ்சு மில்லிமீட்டர் வித்தியாசம், வில் கோணலா?

கேள்வி: ஒரு வருஷமாக அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் என்று பிடித்து ரீகர்வ் வில்லில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) எய்துகொண்டிருந்தேன். இப்போது மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்துப் பழகுகிறேன். குறி பார்க்க வசதிதான், ஆனால் வில் அதிகமாகச் சத்தம் போடுகிறது, அம்பும் வாலைத் தூக்கிக்கொண்டு போகிறது. அளந்து பார்த்தால் லிம்ப் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் கை) அடியிலிருந்து நாண் வரையுள்ள தூரம் கீழ் லிம்பைவிட மேல் லிம்பில் 5 மி.மீ. கூடுதல். வில் கோணலா?

பதில்: கோணல் இல்லை, வேண்டுமென்றே வைத்ததுதான். வில்லின் நடுவைக் கை பிடித்துக்கொள்வதால் அம்பு அதற்கு மேலேதான் போயாக வேண்டும், அம்பை ஒட்டியே விரல்களும் இழுப்பதால் நாணின் நடுவுக்குச் சற்று மேலே இழுப்பு விழுந்து மேல் லிம்புக்குப் பாரம் கூடுகிறது. அதை ஈடுகட்டக் கீழ் லிம்பைக் கொஞ்சம் விறைப்பாக விடுவார்கள், அது குறைவாக வளைவதால் மேலே தூரம் கூடுதலாகத் தெரியும். இந்த வித்தியாசத்தைத்தான் டில்லர் என்பார்கள், உங்கள் பழைய பிடிக்கு 3 முதல் 6 மி.மீ. வழக்கம்.

இப்போது விரல்கள் கீழே இறங்கிவிட்டன, பாரமும் கீழ் லிம்ப் பக்கம் நகர்ந்துவிட்டது. இரண்டு லிம்பும் ஒரே நேரத்தில் திரும்பாமல் முன்னே பின்னே வருவதால் சத்தம். இந்தப் பிடிக்கு இரண்டு பக்கமும் சமமாக இருந்தாலே பெரும்பாலும் போதும். லிம்பைப் பிடித்திருக்கும் போல்ட் வைத்த வில் என்றால் நாணைக் கழற்றிவிட்டு மேல் போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கி, கீழ் போல்ட்டை அதே அளவு தளர்த்தி, மறுபடி நாணேற்றி அளந்து பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்கு மேல் தளர்த்த வேண்டாம், லிம்ப் கழன்று வந்தால் முகத்துக்குத்தான் ஆபத்து. ஒரே மரத்தில் செதுக்கிய வில்லில் இந்த வசதி கிடையாது, அதனால்தான் நல்ல வில் செய்பவர் முதலில் எந்தப் பிடி என்று கேட்பார்.

அப்புறம் அந்த வால். வால் தூக்குகிறதே என்று அம்பு மாட்டும் இடத்தைக் கீழே இறக்கத் தோன்றும், பலர் ஏமாறுவது இங்கேதான். ஏற்கெனவே அது தாழ்வாக இருந்தால் அம்பின் பின்பகுதி ரெஸ்ட்டில் (வில்லில் அம்பு தங்கும் தாங்கி) மோதித் துள்ளும், பார்க்க வால் தூக்குவது போலவே இருக்கும். மூன்று விரல் கீழே என்றால் அந்த இடம் வழக்கத்தைவிடச் சற்று உயரமாகத்தான் வேண்டும். அதனால் முதலில் 2 மி.மீ. ஏற்றி நாலைந்து அம்பு விட்டுப் பாருங்கள். போல்ட் பக்கம் போகாமலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம்.