நாய், பூனைப் பிரசவச் சிக்கல்கள்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்கு ஒரு கால்நடை வைத்தியரின் பதில்கள்

கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். ஒரே கேள்வி பல தடவை வந்திருக்கிறது. மேலே உள்ளதை வாசித்துவிட்டுக் கீழே வாருங்கள்.

பரந்தன்: எங்கட பொமேரியன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. நடுங்குது, மூச்சு வாங்குது, சாக்கைப் பிறாண்டுது. குட்டியைக் காணவில்லை. ஏதும் சிக்கலோ டொக்டர்?

நீங்கள் சொன்னதில் சிக்கல் எதுவும் இல்லை. கருப்பை வாய் திறக்கும் கட்டம் இது. 6 முதல் 12 மணித்தியாலம் போகும். தலைப்பிரசவம் என்றால் ஒரு நாள் முழுக்க இழுக்கவும் கூடும். இதற்கு முன்னால் உடல் வெப்பம் இறங்கும். வழக்கமாக 38.5 பாகை அளவில் இருப்பது 37.2 பாகை செல்சியசுக்கு, அதாவது 99 பரனைற்றுக்குக் கீழே வந்தால், பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் குட்டி போடும். கடைசி வாரத்தில் காலையும் மாலையும் ஆசனவாயில் தேர்மோமீற்றர் வைத்துப் பார்த்து எழுதி வந்தால் இது பிடிபடும்.

கவலைப்பட வேண்டியது முக்கல் தொடங்கிய பிறகுதான். வயிறு இறுகிப் பலமாக முக்கியும் 30 நிமிடத்தில் குட்டி வராவிட்டால் புறப்படுங்கள். விட்டுவிட்டு மெல்ல முக்கினால் 2 மணித்தியாலம் வரை பொறுக்கலாம். ஒரு குட்டி வந்து, உள்ளே இன்னும் இருப்பது தெரிந்தும், 2 மணித்தியாலத்துக்கு மேல் அடுத்தது வராவிட்டால் வைத்தியரை அழையுங்கள். முதல் முக்கல் எத்தனை மணிக்கு வந்தது என்று சுவரிலாவது எழுதி வையுங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான். "கொஞ்சம் முந்தி" என்ற பதிலை வைத்து என்னால் எதையும் முடிவெடுக்க முடியாது.

நெடுங்கேணி: நாய்க்கு எத்தனை நாளில் குட்டி வரும்?

முட்டை வெளிவந்த நாளிலிருந்து ஏறத்தாழ 63 நாள். சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 வரை எதுவும் நடக்கும், ஏனென்றால் கடுவனின் விந்து உள்ளே பல நாள் உயிரோடு இருக்கும். பூனைக்கு 63 முதல் 67 நாள்.

முள்ளியவளை: பின்னங்கால் முதலில் வருகிறது. தலை முதலில் வர வேண்டும் அல்லவா? இழுக்கலாமா?

நாய்க்குட்டிகளில் பத்தில் நாலு பின்னங்காலோடுதான் வரும். அது இயல்பு. கால் இரண்டும் உள்ளே மடங்கி, வாலும் பிட்டமும் மட்டும் முன்னால் வந்தால்தான் சிக்கல். குட்டியின் பாதி வெளியே வந்து நின்றுவிட்டால், கையைக் கழுவி, சுத்தமான துணியால் தோளையோ இடுப்பையோ பிடித்து, தாய் முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி மெல்ல இழுங்கள். முக்கல் நின்றால் நீங்களும் நில்லுங்கள். ஒற்றைக் காலைப் பிடித்து இழுத்தால் அது கழன்று கையோடு வரும். எந்த நல்ல நாயும் நோவில் கடிக்கும், அதனால் விசர்நாய்த் தடுப்பூசி போட்ட நாய்தானா என்பதை முன்னரே பார்த்து வையுங்கள்.

மல்லாவி: டொக்டர், கன்று போட்ட மாட்டுக்கு இளங்கொடி விழப் போடும் ஒக்சிடோசின் ஊசி வீட்டில் இருக்கிறது. நாய் முக்கிக் களைத்தால் அதைப் போடலாமோ?

போடக்கூடாது. இதை விரிவாகச் சொல்கிறேன்.

பெட்டை நாயின் கருப்பை இரண்டு நீண்ட கொம்புகளாகப் பிரிந்திருக்கும். குட்டிகள் அவற்றில் வரிசையாகக் கிடக்கும். முன்னால் உள்ளது இடுப்பெலும்பு வாசலில் மாட்டியிருக்கும்போது ஊசி போட்டால், கருப்பை முழுப் பலத்தோடு சுருங்கும், ஆனால் குட்டி போக வழி இருக்காது. ஒவ்வொரு சுருக்கத்திலும் பின்னால் உள்ள குட்டிகளுக்குப் போகும் இரத்தம் குறையும், நச்சுக்கொடி முன்கூட்டியே கழலும், அவை உள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். கருப்பை கிழிந்தால் தாயும் போய்விடும். நாய்க்குக் கொடுக்கும் அளவு மாட்டுக்குக் கொடுப்பதில் மிகச் சிறு பங்கு. அதையும் நாங்கள் விரலால் சோதித்து, வாய் திறந்திருக்கிறதா, வழியில் குட்டி மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போடுவோம். பல தடவை அதற்கு முதல் கல்சியமும் குளுக்கோசும் வேண்டியிருக்கும். ஸ்கானில் குட்டியின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 180க்குக் கீழே போனால் குட்டி தவிக்கிறது. 150க்குக் கீழே என்றால் உடனே சத்திரசிகிச்சைதான், ஊசிக்கு நேரமில்லை.

துணுக்காய்: சொல்ல நல்லாத்தான் இருக்கு டொக்டர். இரவு பதினொரு மணிக்கு இங்கிருந்து கிளிநொச்சிக்கு எதில் போவது? நான் இரண்டு நாய்களுக்கு அந்த ஊசி போட்டேன். குட்டிகள் உயிரோடுதான் வந்தன.

உங்கள் நாய்களுக்குக் கருப்பை களைத்திருந்தது, வழி அடைபட்டிருக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அடைபட்ட நாய்க்குப் போட்டு, பிறகு கொண்டுவந்தவர்களின் நாய்களை நான் மேசையில் திறந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தூரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது முழு உண்மை. அதற்கு விடை பகலிலேயே ஆயத்தம் செய்வது. 55 நாளுக்குப் பிறகு ஓர் எக்ஸ்ரே எடுத்தால் முள்ளந்தண்டுகளை எண்ணிக் குட்டிகள் எத்தனை என்று சொல்லலாம். ஒன்றே ஒன்று என்றால் பிரசவம் தானாகத் தொடங்காமலே போகக்கூடும், பகலில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கலாம். உங்கள் பிரிவு அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, இரவில் யார் சிசேரியன் செய்வார், எங்கே செய்வார் என்று கேட்டுத் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள். ஓட்டோக்காரரிடமும் பேசி வையுங்கள். வெப்பம் காலையில் இறங்கிவிட்டது, பொழுதுபடும்வரை குட்டி இல்லை என்றால், அன்று மாலையே அழைத்து ஆலோசனை கேளுங்கள். பதினொரு மணிவரை காத்திருக்காதீர்கள்.

ஒட்டுசுட்டான்: அப்ப ஊசிக்குப் பதிலாக இப்பவே கல்சியம் சிரப் கொடுத்து வரட்டா?

வேண்டாம். கர்ப்பக் காலத்தில் கல்சியத்தை அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கும் பழக்கத்தை உடல் விட்டுவிடும். குட்டி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் பால் பெருகும்போது இரத்தத்தில் கல்சியம் விழுந்து வலிப்பு வரும். சிறிய இன நாய்களில் அதிகம். நல்ல சாப்பாடு போதும்.

மல்லாவி: ஊசியைப் பாதி அளவு போட்டால்?

இல்லை. பாதியும் இல்லை, காலும் இல்லை. அந்தப் போத்தலை மாட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்குடியிருப்பு: பூனை நேற்றுப் பின்னேரம் இரண்டு குட்டி போட்டது. இன்னும் வயிற்றில் இருக்கிறது. அதுவோ பால் கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறது.

பூனை பிரசவத்தை நடுவில் நிறுத்தி வைக்கும். தாய் அமைதியாக இருந்து, சாப்பிட்டு, முக்காமல் இருந்தால் 24 முதல் 36 மணித்தியாலம் வரை இடைவெளி வரலாம். முக்கியும் வராவிட்டால், நாறும் கசிவு வந்தால், சோர்ந்து கிடந்தால் அது வேறு கதை, உடனே போங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் இன்று பின்னேரத்துக்குள் காட்டுங்கள். பேர்சியன் என்றால் இப்போதே போங்கள், தலை பெரிது.

முழங்காவில்: பச்சை நிறத்தில் வடிகிறது.

நாய்க்கு முதல் குட்டி வரும் முன்பு பச்சை வந்தால் நச்சுக்கொடி கழன்றுவிட்டது. உடனே போங்கள். குட்டி வந்த பிறகு என்றால் இயல்பு.

கிளிநொச்சி: எத்தனை நாளில் போடும்?

நெடுங்கேணிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

மாங்குளம்: எங்கட நாய் முந்தி ஏ9 வீதியில் வாகனத்தில் அடிபட்டு இடுப்பு உடைந்து மாறியது. இப்போது கர்ப்பம்.

உடைந்து பொருந்திய இடுப்பில் வழி ஒடுங்கியிருக்கும். இந்த வாரமே எக்ஸ்ரே எடுங்கள். ஒடுக்கம் என்றால் பிரசவத்துக்குக் காத்திருக்க வேண்டாம், நாள் குறித்துச் சிசேரியன் செய்து, அதோடு கருத்தடையும் செய்துவிடலாம். இன்னொரு கர்ப்பம் இந்த நாய்க்கு வேண்டாம்.

வவுனியா: சினை பிடித்தது தெரியாமல் கர்ப்பத்தடை ஊசி போட்டுவிட்டோம். நாள் கடந்துவிட்டது.

இன்றே போங்கள். பிரசவம் தொடங்க, கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்தரோன் என்ற ஹோர்மோன் இரத்தத்தில் குறைய வேண்டும். அந்த ஊசி புரோஜெஸ்தரோனின் வேலையையே செய்வதால் உடல் இன்னும் கர்ப்பம் என்றே நினைக்கும், முக்கல் வராது, குட்டிகள் உள்ளேயே இறக்கும். கருப்பையில் சீழ் கட்டுவதற்கும் அது வழி. பெட்டைக்குக் குட்டி வேண்டாம் என்றால் சத்திரசிகிச்சைக் கருத்தடைதான் பாதுகாப்பு.

பூநகரி: குட்டி மூச்சில்லாமல் வந்தால் தலைகீழாகப் பிடித்து வீச வேண்டுமாமே?

வீசாதீர்கள், மூளையில் இரத்தம் கசியும். தண்ணீர்க்குடத்தை மூக்கடியில் கிழித்து, வாயையும் மூக்கையும் துணியால் துடையுங்கள். தலையைச் சற்றுக் கீழே சாய்த்து, காய்ந்த துவாயால் முதுகையும் நெஞ்சையும் நன்றாகத் தேயுங்கள். தொப்புள்கொடியில் இரத்தம் வந்தால் வயிற்றிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி நூலால் கட்டி அயடின் தடவுங்கள். இதயம் துடிக்கிறவரை கைவிட வேண்டாம். இருபது நிமிடம் தேய்த்தும் எழும்பிய குட்டிகள் உண்டு. பிறகு வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கக்கூடாது, முதலில் சூடு.

ஒட்டுசுட்டான்: சிசேரியன் செய்த நாய் குட்டிகளை ஏற்குமா?

பெரும்பாலும் ஏற்கும். மயக்கம் முழுதாகத் தெளியும்வரை தனியே விடாதீர்கள், நசித்துவிடும் அல்லது கடிக்கும். தெளிந்ததும் நீங்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக முலையில் பிடியுங்கள். சீம்பால் முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும். தையலைத் தினமும் பாருங்கள், சிவந்தாலோ நீர் வடிந்தாலோ கூட்டிக்கொண்டு வாருங்கள்.