அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள நிக்கோடிமஸ் ஊருக்கு அப்படி என்ன வரலாறு?

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் அமைத்த விவசாய ஊர் இது. பெரும்பாலோர் கென்டக்கியிலிருந்து வந்தவர்கள். செழிப்பான நிலம் என்ற விளம்பரத்தை நம்பி வந்தால், கண்ணுக்கெட்டிய வரை மரமில்லாத புல்வெளி. வீடு கட்டப் பலகை ஏது? மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடியினர் வேட்டை இறைச்சியைப் பகிர்ந்துகொண்டதால் பிழைத்தார்கள்.

அப்புறம் பள்ளி, தேவாலயம், கடை, செய்தித்தாள் என ஊர் வளர்ந்தது. ஆனால் 1888இல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் சாலமன் ஆற்றின் தென்கரையோடு போய்விட்டது. கடைக்காரர்களும் அதன் பின்னாலேயே போனார்கள். என்னைக் கேட்டால், 1930களின் புழுதிப் புயல்களைவிட அந்தத் தண்டவாளம்தான் பெரிய அடி.

1996இல் தேசிய வரலாற்றுத் தலமானது. இன்று நிரந்தரமாக வசிப்பவர்கள் மிகச் சிலரே. அடிமை முறை ஒழிந்ததைக் கொண்டாட ஜூலைக் கடைசியில் நடக்கும் விடுதலை விழாவுக்கு மட்டும் சொந்தபந்தங்கள் பல மாநிலங்களிலிருந்தும் வந்து சேர்கிறார்கள்.