பொதுவான வளம் என்றாலே அழிந்துதான் போகுமா? அரசிடமோ தனியாரிடமோ ஒப்படைப்பது மட்டும்தான் வழியா?

கேட்டவர் பரீட்சைக்குப் படிக்கும் மாணவராக இருக்கலாம். இல்லையென்றால் என்னைப் போல ஏதோ ஒரு குடியிருப்போர் சங்கத்தில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்காகத் திட்டு வாங்குபவராக இருக்க வேண்டும். இரண்டாவது ஆள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவர்கள் "ஒப்படைப்பது" என்ற அளவுக்கெல்லாம் போக மாட்டார்கள், அந்தச் சொல்லில் ஒரு சலிப்பு தெரிகிறது.

இங்கே எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் பலரும் "மனிதனின் பேராசை", "ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். அதைப் பார்த்த எரிச்சலில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பேராசை இல்லை என்று சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். ஆனால் நான் பார்த்தவரை பேராசைக்காரர்கள் நாலு பேர்தான், மற்றவர்கள் எல்லோரும் தான் எவ்வளவு எடுக்கிறோம் என்பதே தெரியாமல் எடுப்பவர்கள்.

முதலில் அந்தப் பிரபலமான வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1968-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. எல்லோருக்கும் பொதுவான ஒரு மேய்ச்சல் நிலம். அதில் ஒருவர் கூடுதலாக ஒரு மாட்டை விட்டால் லாபம் முழுக்க அவருக்கு, புல் குறைவதால் வரும் நஷ்டமோ எல்லோர் தலையிலும் பங்காக விழும். இதே கணக்கை எல்லோரும் போடுவார்கள், எல்லோரும் இன்னொரு மாட்டை ஓட்டி வருவார்கள், கடைசியில் புல்லும் இருக்காது மாடும் இருக்காது. (வில்லியம் ஃபார்ஸ்டர் லாய்ட் என்பவர் 1833-லேயே இதைச் சொல்லிவிட்டார், பெயர் மட்டும் ஹார்டினுக்குப் போய்விட்டது.) கணக்கு சரிதான். ஆனால் அந்தப் புல்வெளியில் மாடு மேய்ப்பவர்கள் யாரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை, கவனித்தீர்களா? இன்னொருவர் எத்தனை மாடு விட்டிருக்கிறார் என்று எட்டிப் பார்த்து "ஏம்பா, இது நியாயமா?" என்று கேட்கக்கூட ஆள் இல்லை. நிஜத்தில் மனிதர்கள் அப்படி இருக்க மாட்டார்கள், கேட்பார்கள், அதுவும் நன்றாகவே கேட்பார்கள். ஹார்டினே 1998-இல், தான் சொன்னது நிர்வகிக்க யாருமில்லாத பொதுவளத்தைப் பற்றித்தான், அதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டதுதான் பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்தத் திருத்தம் மட்டும் பாடப்புத்தகம் வரை வந்து சேரவில்லை.

சரி, என் கதை. எங்கள் குடியிருப்பு முழுமைக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு. தண்ணீர் சம்பில் (தரைக்கடியில் இருக்கும் தொட்டி) விழும், மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றும், அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் இறங்கும். மீட்டர் எதுவும் கிடையாது. மின்கட்டணம், பற்றாக்குறை வந்தால் வெளியிலிருந்து வாங்கும் தண்ணீர் என்று எல்லாச் செலவையும் வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துவிடுவோம். ஹார்டினின் புல்வெளிக்கு இதைவிட நல்ல மாதிரி வேண்டுமா? நான் செயலாளராக இருந்த சமயத்தில் போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனது. மோட்டாரை இன்னும் கீழே இறக்கினோம், அதுவும் போதாமல் இன்னும் ஆழமாகத் துளை போட வேண்டும் என்றார்கள்.

இதில் எனக்குப் புரிந்த ஒரு விஷயம், மாடித் தொட்டிதான் வில்லன். கீழே நீர் எவ்வளவு இறங்கினாலும் தொட்டி நிரம்பியிருக்கும்வரை குழாயில் அதே வேகத்தில்தான் வரும். மோட்டார் முன்பைவிட அதிக நேரம் ஓடுவது மோட்டார் போடுபவருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்குள் இருப்பவருக்கு "தண்ணீர் கொஞ்சம் குறைகிறது" என்ற நிலையே கிடையாது. இருக்கும், இருக்கும், ஒருநாள் காலையில் இருக்காது.

இதேதான் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீனுக்கு நடந்தது. வெளிநாட்டுக் கப்பல்கள்தான் அள்ளிப் போகின்றன என்று 1977-இல் 200 கடல் மைல் எல்லை போட்டு அவற்றைத் துரத்தினார்கள், அப்புறம் சொந்தக் கப்பல்களே அள்ளின. மீன் குறையக் குறைய மிச்சமிருந்தவை சில இடங்களில் கூட்டமாகச் சேர்ந்தன. சோனார் (ஒலியலையால் மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவி) வைத்த பெரிய கப்பல்கள் நேராக அங்கேயே போய் வலை போட்டதால் பிடிபடும் அளவு குறையவே இல்லை, அதை வைத்து கடலில் மீன் நிறைய இருப்பதாகக் கணக்குப் போட்டார்கள். கரையோரத்தில் சின்னப் படகில் போனவர்கள் 80-களிலேயே மீன் வரவில்லை, வருவதும் சிறுத்துப் போய்விட்டது என்று கத்தினார்கள், யாரும் கேட்கவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடிக்கே தடை போட வேண்டி வந்தது, சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. 2 வருடத்துக்கு என்று போட்ட தடையை 2024-இல்தான் எடுத்தார்கள். அந்தக் கடல் அரசின் கையில் இருந்த கடல் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், "அரசிடம் கொடுத்துவிடலாம்" என்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

மீட்டர் போடலாம் என்று நான் சொன்னபோது கிளம்பிய எதிர்ப்பு இருக்கிறதே. பழைய கட்டடத்தில் வீட்டுக்கு ஒரே இணைப்பு என்று இருக்காது. மாடியிலிருந்து குளியலறைக்கு ஒரு குழாய், சமையலறைக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக இறங்கும், ஒரு வீட்டுக்கே இரண்டு மூன்று மீட்டர் மாட்ட வேண்டும். செலவு அதிகம் என்று சொன்னவர்களை ஏற்றுக்கொள்வேன். ஆனால் "நாங்கள் எத்தனை முறை குளிக்கிறோம் என்று உளவு பார்க்கப் போகிறாயா?" என்று கேட்டவர்களை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. செயலாளர் என்றால் சம்பளம் வாங்காத காவலாளி என்று நினைப்பு. மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கிறார்கள் என்று நள்ளிரவில் போன், வண்டியை யாரோ குறுக்கே நிறுத்திவிட்டார்கள் என்று விடிவதற்குள் போன், எடுக்கவில்லை என்றால் குழுவில் புகார். கூட்டம் போட்டால் ஒருவரும் வர மாட்டார்கள், முடிவு எடுத்த பிறகு "எங்களை யாரும் கேட்கவில்லையே" என்பார்கள். சரி, அதை விடுங்கள், அது வேறு பஞ்சாயத்து.

கடைசியில் மீட்டர் வந்தது. மாதாமாதம் எந்த வீடு எவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். எல்லோரும் சந்தேகப்பட்டது ஆட்கள் நிறைந்த ஒரு பெரிய குடும்பத்தை. பட்டியலில் முதலில் நின்றதோ வயதான கணவன் மனைவி இருவர் மட்டும் இருக்கும் வீடு. கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் வால்வு தேய்ந்து இரவும் பகலும் சத்தமே இல்லாமல் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம் அவர்களுக்கே தெரியாது. பிளம்பர் வந்து சின்ன ரப்பர் வாஷர் ஒன்றை மாற்றினார். இதில் பேராசை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். எடுத்த அளவுக்கு ஏற்பக் கட்டணம் என்பதெல்லாம் அப்புறம்தான் வந்தது, பட்டியல் ஒட்டிய உடனேயே மோட்டார் ஓடும் நேரம் குறைந்துவிட்டது. சொந்த அனுபவத்தைப் பொது விதியாக்குகிறேன் என்று யாராவது வரலாம், அதற்காகத்தான் அடுத்த பத்தி.

எலினார் ஆஸ்ட்ரம், பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண், 2009. அவருடைய முனைவர் பட்ட ஆய்வே நிலத்தடி நீரைப் பற்றியதுதான். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கடலோரத்தில் எல்லோரும் போட்டி போட்டு உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புக ஆரம்பித்தது. உறிஞ்சியவர்களே சங்கம் வைத்து, நீதிமன்றத்தையும் பயன்படுத்தி, ஆளுக்கு இவ்வளவு குறைத்துக்கொள்வது என்று உடன்பாட்டுக்கு வந்தார்கள். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கு வருடா வருடம் எல்லோர் பார்வைக்கும் வரும். எங்கள் அறிவிப்புப் பலகை போலத்தான், என்ன, அங்கே யாரும் அதை உளவு என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அவர் எடுத்துக்காட்டிய இன்னொரு ஊர் சுவிட்சர்லாந்தின் டோர்பெல். 1517 முதல் அங்கே ஒரு விதி: குளிர்காலத்தில் உன் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மலைக்கு அனுப்பலாம். எனக்கு மிகவும் பிடித்தது, அபராதம் வசூலிப்பவர் அதில் பாதியைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்பது. எங்கள் சங்கத்தில் அப்படி ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தால் என்னை மாடியிலிருந்து தள்ளியிருப்பார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: அரசு அல்லது தனியார் என்று இரண்டே வழி கிடையாது. பயன்படுத்துபவர்களே விதி போட்டு, தாங்களே காவல் காத்து, பல நூறு வருடம் நடத்தியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற எல்லை தெளிவாக இருந்தால்தான் இது ஓடும். எங்கள் சுவருக்குள் எல்லோரும் அடங்கினோம், ஆனால் சுவருக்கு வெளியே பக்கத்து மனையில் புதிதாக ஒரு போர் போட்டு, அதே நிலத்தடி நீரைப் பெரிய மோட்டார் வைத்து இழுக்கிறார்கள். அவர்களிடம் எந்தப் பலகையைக் காட்டுவது? அந்த இடத்தில் சட்டம் வேண்டும், அதை அமல்படுத்த அரசும் வேண்டும்தான். காற்று மண்டலம், நடுக்கடல் என்று போனால் இன்னும் கஷ்டம். ஓசோன் படலத்தைக் காக்கும் விஷயத்தில் 1987-இல் மான்ட்ரியலில் நாடுகள் உட்கார்ந்து பேசி ஓரளவு சாதித்தன, கரிம வாயு வெளியேற்றத்தைக் குறைப்பதில் அது இதுவரை கைகூடவில்லை.

நீங்கள் நிஜமாகவே சங்க ஆள் என்றால் ஒன்று செய்யுங்கள். வீடுகளுக்கு மீட்டர் என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்குப் பொதுக்குழுவில் பாதி பேர் கை தூக்கவே மாட்டார்கள். முதலில் போரிலிருந்து சம்புக்கு வரும் குழாயில் ஒரே ஒரு மீட்டரை மாட்டுங்கள், அதற்கு யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. மொத்தம் எவ்வளவு எடுக்கிறோம், நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்ற இரண்டை மட்டும் வாராவாரம் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். கொஞ்ச நாளில் "மொத்தம் சரி, எந்த வீடு அதிகம்?" என்று அவர்களே கேட்பார்கள், அப்போது மீட்டர் விலைப்பட்டியலை வெளியே எடுக்கலாம்.