டைல்ஸ் கடைசியில், மண்ணுக்குள் போவது முதலில்

கேள்வி: வணக்கம் அண்ணா. எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது, வீட்டை வாங்கும்போதே இருந்தது, பதினெட்டு வருடப் பழசு. சுற்றியுள்ள டைல்ஸ் அங்கங்கே தூக்கிக்கொண்டு நிற்கிறது. மழை பெய்தால் தண்ணீர் பின்வாசல் படி வரை வந்து தேங்குகிறது. புது டைல்ஸ், விளக்குகள், கூரை போட்ட ஒரு பந்தல், அதன் கீழே பார்பெக்யூ அடுப்பு, வெளியே ஒரு ஷவர் என்று ஆசை நிறைய, ஆனால் கையில் உள்ள பணம் பாதிக்குத்தான் வரும். தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்குள் டைல்ஸை முடித்துவிடலாம், மற்றதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் காண்ட்ராக்டர். வீட்டில் மூன்று வயதுப் பையனும் எழுபத்திரண்டு வயது மாமியாரும் இருக்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, புக்கிட் டாமன்சாரா, கோலாலம்பூர்

பதில்: சகோதரி, டைல்ஸ் கடைசி வேலை. காண்ட்ராக்டர் சொல்வது அவருக்குச் சுலபம், உங்களுக்கு இரட்டைச் செலவு. எங்கள் வீட்டில் இதே தவற்றைச் செய்தோம். தளம் முழுக்க டைல்ஸ் போட்டு எட்டு மாதம் கழித்து வேலியோரம் இரண்டு விளக்கு வைக்கலாம் என்று நினைத்தபோது, வயர் போக வழியில்லாமல் ஒரு சாண் அகலத்துக்குத் தளத்தை நீளமாக வெட்ட வேண்டியதாயிற்று. அதே நிற டைல்ஸ் கடையில் இல்லை. வெட்டிய இடம் வேறு சாயலில் ஒரு கோடாக இன்றைக்கும் தெரிகிறது, மழை நனைத்தால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

அதனால் முதலில் ஒரு தாளில் ஐந்து வருடத்தில் என்னவெல்லாம் வேண்டும் என்று முழுதாக வரையுங்கள், பணம் இருக்கிறதோ இல்லையோ. பந்தலின் தூண் எங்கே, அடுப்பு எங்கே, ஷவர் எங்கே, விளக்கு எங்கே. பிறகு அந்த ஒவ்வொன்றுக்கும் மண்ணுக்குள் என்ன போக வேண்டும் என்று கேளுங்கள்: ஷவருக்குத் தண்ணீர் வரும் குழாய், கழிவுநீர் போகும் குழாய், அடுப்புப் பக்கம் ஒரு பிளக், விளக்குக்கு வயர். இவற்றை இப்போதே வாங்க வேண்டாம், வெறும் பிவிசி குழாயை மட்டும் புதைத்து, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு, இரண்டு முனையையும் மூடிவிடுங்கள். பின்னால் அந்தக் கயிற்றைக் கட்டி வயரை இழுத்துக்கொள்ளலாம். மண் மூடுவதற்கு முன் அளவு டேப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சுவரிலிருந்து எத்தனை அடியில் குழாய் ஓடுகிறது என்று தெரியும்படி. மொத்தச் செலவில் இது ஒரு சிறு பங்குதான். பின்னால் தளத்தை உடைக்கும் செலவு மிச்சம்.

அடுத்தது தண்ணீர். கோலாலம்பூரில் வருடத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி மாலை நேரத்தில் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. உங்கள் தளத்துக்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, சரியில்லை, அதனால்தான் படி வரை வருகிறது. ஒரு வாளித் தண்ணீரைக் குளத்தோரம் ஊற்றிவிட்டு நின்று பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு காண்ட்ராக்டரிடம் காட்டுங்கள். ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும், அது குளத்தை விட்டும் வீட்டை விட்டும் விலகி, நடுவில் சல்லடை மூடிய ஒரு கால்வாய்க்குள் விழுந்து லோங்காங்குக்கு, அதாவது வெளிச் சாக்கடைக்கு, போக வேண்டும். அந்தக் கால்வாயிலும் வாட்டம் இல்லையென்றால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளியே பறந்து வர ஏழு முதல் பத்து நாள் போதும். டிங்கிக் காய்ச்சலோடு நின்றுவிடாது, வீட்டில் கொசு வளரவிட்டதற்கு 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் வரும்.

டைல்ஸ் ஏன் தூக்குகிறது என்று கேட்காமலே மாற்றப் பார்க்கிறார்கள், அது எனக்கு வருத்தம். பகலெல்லாம் வெயிலில் சுட்டு விரிந்த தளம் நான்கு மணி மழையில் சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. விரிய இடம் இல்லையென்றால் அது மேலேதான் எழும். சுமார் மூன்று மீட்டருக்கு ஒரு விரிவு இடைவெளி விட வேண்டும், முக்கியமாகக் குளத்தின் விளிம்புக் கல்லுக்கும் தளத்துக்கும் நடுவில். அதைச் சிமெண்டால் அடைக்கக் கூடாது, ரப்பர் மாதிரி இழுபடும் சீலண்ட் போட வேண்டும். பெரும்பாலும் கொத்தனார் பழக்கத்தில் அங்கேயும் சாந்தைப் பூசிவிடுவார், பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

தளத்தில் கை வைக்கும் முன் குளம் ஒழுகுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வாளியில் குளத்து நீரை நிரப்பி, அது மிதக்காதபடி குளத்தின் படியில் வைத்து, வாளிக்குள் உள்ள நீர்மட்டத்தையும் வெளியே குளத்து மட்டத்தையும் குறியுங்கள். பம்பை நிறுத்திவிட்டு மழையில்லாத ஒரு நாள் விடுங்கள். ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவுதான், குளம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. அதைப் புது டைல்ஸுக்கு அடியில் புதைத்துவிட்டால் அப்புறம் தேடுவது பெரிய வேதனை.

வேலை நேரத்தில் குளத்தைக் காலியாக்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். மழைக்காலத்தில் மண்ணுக்குள் நீர் ஏறி நிற்கும், உள்ளே தண்ணீரின் பாரம் இல்லாத குளத்தை அது கீழிருந்து தூக்கும். விரிசல் விடலாம், குளமே எழும்பலாம். தீபாவளி வருவது அக்டோபரில் அல்லது நவம்பரில், நம்மூரில் மழை வலுக்கும் சமயம். ஜூன், ஜூலையில் ஓரளவு காய்ந்திருக்கும், பெரிய வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பையனுக்கு வருகிறேன். இந்த வருடப் பணத்தில் வேலி கட்டாயம், பந்தலும் அடுப்பும் இல்லாவிட்டாலும். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்துக்குக் கேட்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்: குறைந்தது 1.2 மீட்டர் உயரம், தானாகச் சாத்திக்கொண்டு தானாகத் தாழிடும் கதவு, அது குளத்தின் பக்கம் திறக்கக் கூடாது, தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். வேலியை ஒட்டிப் பூந்தொட்டியோ நாற்காலியோ வைக்காதீர்கள், மூன்று வயதுக்கு அது ஏணி. உபசரிப்பு நாளில் இருபது பெரியவர்கள் சுற்றி நின்றாலும், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார்கள். ஒருவரிடம் இது உன் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாற்றுங்கள்.

மாமியாருக்காக டைல்ஸ் தேர்வு. கடையில் வழுக்காது என்பார்கள், ஆர்11 தரம் என்று எழுதியும் இருக்கும், இருந்தாலும் ஒரு மாதிரித் துண்டை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றி, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே துண்டை மதியம் இரண்டு மணி வெயிலில் வைத்துவிட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள், அடர் சாம்பல் நிறம் கால் வைக்க முடியாமல் சுடும். மாமியாரின் கால் எதை ஒத்துக்கொள்கிறதோ அதை வாங்குங்கள்.

மின்சாரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். நீருக்குள் போகும் விளக்கு 12 வோல்ட்டாக இருக்கட்டும். தரை நனையும் இடத்துக்கு நம் நாட்டு விதி 10 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி என்ற பாதுகாப்புக் கருவியைக் கேட்கிறது. எரிசக்தி ஆணையமான சுருஹன்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற ஆள்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். பந்தலுக்குக் கூரை என்றால் அது கட்டடக் கணக்கில் வரும், 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி டிபிகேஎல் என்ற கோலாலம்பூர் மாநகராட்சியின் அனுமதி வாங்கிவிட்டுத் தூண் நடுங்கள்.

ஆக இந்த வருடம் வாட்டம், கால்வாய், குழாய்கள், வேலி, மின்சாரம். பணம் மிஞ்சினால் வாசலிலிருந்து குளம் வரை நடக்கும் பாதைக்கு மட்டும் டைல்ஸ், அப்போதே மீதிக்கும் சேர்த்து ஒரே தொகுதியில் வாங்கி வைத்துவிடுங்கள். மற்ற இடத்தில் கூழாங்கல் பரப்பலாம், புல் வைக்கலாம். தீபாவளிக்கு அது அழகாகவே இருக்கும்.

கேள்வி: அண்ணா, கடலிலிருந்து இருநூறு மீட்டரில் வீடு. குளத்தோரம் மரத்தளம் போட நினைக்கிறோம், பழைய தளத்தின் திருகுகள் துருப்பிடித்து நிற்கின்றன.
– வாசகர், தஞ்சோங் பூங்கா, பினாங்கு

பதில்: செங்கால் மரம் விலை அதிகம், ஆனால் உங்கள் இடத்துக்கு அதுதான். எண்ணெய் பூசாவிட்டால் வெள்ளி நிறமாக மாறும், அது கேடு அல்ல. திருகு எல்லாம் 316 தர எவர்சில்வர், 304 கடற்கரைக் காற்றுக்குத் தாங்காது. பலகைகளுக்கு நடுவில் ஐந்து மில்லிமீட்டர் விடுங்கள், அடியில் காற்று ஓட வேண்டும். பம்ப் குழாய்களுக்கு மேலே வரும் பலகைகளைத் தனியே கழற்றும்படி அமையுங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர்தான் கனமழை, அதற்கு முன் முடித்துவிடுங்கள்.

கேள்வி: குளத்து பம்ப் மின்கட்டணம் தாங்கவில்லை, சத்தமும் அதிகம். சுற்றுப்புறத்தைப் புதுப்பிக்கும்போது பம்பையும் மாற்றலாமா?
– வாசகி, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்

பதில்: மாற்றுங்கள் அம்மா, வேகம் கூட்டிக் குறைக்கும் வகை பம்ப் வாங்குங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் கணக்குப்படி எட்டில் ஒரு பங்குதான் இழுக்கும். தண்ணீர் பாதியளவே ஓடும் என்பதால் இரட்டிப்பு நேரம் ஓட்ட வேண்டும், அப்படியும் நான்கில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். சத்தமும் அடங்கும், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வைக்க வேண்டியிருந்தாலும் தொந்தரவு இருக்காது. பம்ப் நிற்கும் மேடையைத் தளத்தை விட அரை அடி உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.