தலையில்லாத துணிப்பொம்மைகள்

வணக்கம் சகோதரி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டியின் பழைய கைலிகளைக் கொண்டு நீங்கள் தைத்த தலையில்லாத பெண்ணுருவங்களைச் மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் காட்சிக்கு வைக்கவிடாமல், ஆபாசம் என்று வீட்டார் தடுப்பதாக எழுதியிருந்தீர்கள்.

1930களில் ஜெர்மனியில் கலைஞர் ஹான்ஸ் பெல்மர் செய்த சிறுமிப் பொம்மையின் உறுப்புகளைக் கழற்றி மாற்றிப் பூட்டலாம். நாஜிகள் போற்றிய குறையற்ற உடலை அவர் மறுத்தார் என்பதை ஏற்றாலும், அந்தச் சிறுமியுருவை என் மனம் ஒப்புவதில்லை. சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா முதுமையில் தம் பழைய ஆடைகளையும் வீட்டுத் துணிகளையும் வெட்டித் தைத்த உருவங்களிலோ, தையல் மறைக்கப்படாமல், ஆறிய தழும்பைப் போல வெளியே தெரிகிறது (அவருடைய பெற்றோர் பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிட்டவர்கள்).

உங்கள் வேலை பூர்ஷ்வாவின் வழியைச் சேர்ந்தது என்றே கருதுகிறேன். தலையைச் சேர்க்க வேண்டாம். கைலியில் படிந்த பால்கறையை அப்படியே விட்டு, பாட்டி வேலை செய்த ஆண்டுகளைத் தமிழிலும் மலாயிலும் அருகில் எழுதி வைத்து, திறப்புக்கு முந்தைய நாள் அம்மாவை மட்டும் அழைத்துச் சென்று காட்டுங்கள்.