துளிரைப் பார்த்து ஏமாறாதீர்கள்
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பூச்சியைக் குடுவையில் பிடித்துத் தின்னும் என் நெப்பந்தஸ் குடுவைச் செடி கொடியாக நீண்டுவிட்டதால், தண்டை நறுக்கி ஐந்து துண்டுகளை ஸ்பேக்னம் என்ற, ஈரத்தைத் தேக்கிவைக்கும் பாசியில் நட்டேன். மூன்றே வாரத்தில் இரண்டில் துளிர் வந்தது. ஆசையாக ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை. துளிர் வந்தும் வேர் வராதது ஏன்?

பதில்: பிடுங்கிப் பார்த்தீர்களா! நானும் கை அடங்காத ஆள்தான், அதனால் திட்ட மாட்டேன். துளிருக்கு மொட்டு கணுவிலேயே தயாராகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. நுனியை வெட்டியதும் தண்டிலும் இலையிலும் இருக்கும் சேமிப்பைத் தின்றுகொண்டு அது விழித்துவிடும். வேர் அப்படியில்லை, வெட்டுப்பட்ட இடத்தில் புதிதாக உருவாக வேண்டும். ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். அதுவரை அந்தத் துளிர் கையிருப்பில் வாழும் பிள்ளை.

ஒருமுறை, நட்ட ஐந்தாவது வாரத்தில் நான் ஒரு துண்டைத் தூக்கினேன். பாசியோடு சேர்ந்து கறுப்பு நூல் மாதிரி ஏதோ பிய்ந்து வந்தது. அழுகிவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டேன். நெப்பந்தஸின் நல்ல வேரே கறுப்பாக, மயிரிழை போல, தொட்டால் ஒடிகிற மாதிரிதான் இருக்கும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. குப்பைக்குப் போனது உயிருள்ள செடி.

இப்போது நான் செய்வது இதுதான். மிக இளசும் இல்லாமல் கட்டையாகவும் ஆகாமல் நடுத்தரத் தண்டாக எடுத்து, இரண்டு மூன்று கணு வருகிற மாதிரி வெட்டுவேன். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்வேன். மேல்பக்கம் எது என்று அடையாளம் வைத்துக்கொள்வது முக்கியம். தலைகீழாக நட்ட அனுபவமும் உண்டு. இலையைப் பாதிக்கு மேல் நறுக்கிவிடுவேன். வேரில்லாத துண்டு குடிப்பதைவிட ஆவியாக விடுவது அதிகமாகிவிடக் கூடாது. ஒரு கணு பாசிக்குள், மற்றது வெளியே. பாசி ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் கையில் பிழிந்தால் தண்ணீர் ஒழுகக் கூடாது. மேலே ஒளி ஊடுருவும் பை, நேர் வெயில் படாத வெளிச்சம், மழைநீர் அல்லது வாலை வடித்த நீர். வேர் ஊக்கிப் பொடி இருந்தால் தொட்டு நடலாம், இல்லாமலும் வரும். வேர் வந்ததா என்று அறிய, துண்டை விரலால் மெல்ல அசைத்தால் போதும். பிடிப்பு தெரிந்தால் சரி.

கேள்வி: நட்ட துண்டுக்குப் பாசியில் கொஞ்சம் உரக் கரைசல் ஊற்றலாமா? இந்தச் செடி சத்தை வேரில் எடுக்கிறதா, குடுவையில் எடுக்கிறதா?

பதில்: ஊற்றாதீர்கள். இல்லாத வேர் எதைக் குடிக்கும்? பாசிதான் முதலில் கெட்டு, பச்சைப் படலம் படியும். வேர் வந்த பிறகும் அவசரம் வேண்டாம். சத்தில்லாத மண்ணில் வளரப் பழகிய செடி இது. வேர் முக்கியமாகத் தண்ணீருக்கும் பிடிப்புக்கும்தான், கொஞ்சம் தாதுக்களும் எடுக்கும். நைட்ரஜனுக்குச் செடி நம்பியிருப்பது குடுவையை.

காய்ந்துபோகிற பழைய குடுவை ஒன்றை நீளவாக்கில் பிளந்து லென்ஸில் பாருங்கள். மேல்பாதி மெழுகுப்பூச்சால் மங்கலாக இருக்கும், பூச்சி வழுக்கி விழுவது அங்கே. கீழ்ப்பாதி பளபளவென்று, கொத்திய அம்மிக்கல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சுரப்பி, அதன் மேலே சின்னக் கூரை போல ஒரு விளிம்பு. செரிக்கும் நொதியைச் சுரப்பதும் அதுதான், செரித்ததை உறிஞ்சுவதும் அதுதான். ஒரே வாயில் துப்பி விழுங்குகிற ஏற்பாடு! குடுவைக்குள் இருக்கும் நீர் அமிலமாகிறது, நெப்பந்தசின் என்ற நொதி புரதத்தை உடைக்கிறது. அமினோ அமிலமாகவும் அமோனியமாகவும் சுரப்பி வழியே உள்ளே போகிறது. சில புரதங்களை உடைக்காமலேயே செல்கள் சிறு பைகளாக மடித்து விழுங்குவதை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிறகு எல்லாம் குடுவையைத் தாங்கும் பற்றுக்கம்பி வழியாக இலைக்கும் தண்டுக்கும் போகும். அடியில் தங்கியிருக்கும் கறுப்புச் சக்கை எறும்புகளின் ஓடுகள்.

அதனால் உங்கள் துண்டு தானே சாப்பிடத் தொடங்குவது, புதுத் துளிரில் முதல் குடுவை திறக்கும் அன்றுதான். அதற்குள் ஓர் எறும்பு விழுந்தால் போதும். இறைச்சித் துண்டு போடாதீர்கள், செரிக்கும் முன் அழுகி குடுவையையே கெடுத்துவிடும்.

கேள்வி: ஒரே செடியிலிருந்து எட்டுச் செடிகள் உண்டாக்கிவிட்டேன், பூவும் வருகிறது. விதை மட்டும் பிடிக்கவில்லையே?

பதில்: நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. தாய்ச்செடி ஆண் என்றால் எட்டும் ஆண்தான். ஒன்றிரண்டைக் கொடுத்து, எதிர்ப்பாலில் உள்ள செடி வைத்திருப்பவரிடம் ஒரு துண்டு கேளுங்கள்.